கேமரா ஆடினால் நிஜமாகிவிடுமா?

"ரொம்ப ரியலா எடுத்திருக்காங்க" என்று யாராவது ஒரு படத்தைச் சொன்னால், கேமரா ஆடியிருக்கும் என்று இப்போதெல்லாம் பார்க்காமலே ஊகித்துவிடுகிறேன். ஆடுகிற கேமரா, அரை இருட்டு, பின்னணி இசை கிடையாது. இவ்வளவு இருந்தால் யதார்த்த சினிமா என்று முத்திரை குத்திவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை.

அப்பா இறந்த அன்று ஐசியூ வாசலில் டாக்டர் என்னிடம் இரண்டு நிமிடம் பேசியிருப்பார். ஒரு சொல் ஞாபகமில்லை. அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவுக்கு மூடி இல்லை, மை கசிந்து துணியில் சின்னதாக ஒரு நீல வட்டம். அது மட்டும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அங்கே ஒரு கேமரா இருந்திருந்தால் அவர் பேசியது முழுக்கப் பதிவாகியிருக்கும். நடந்தது அதுதான். எனக்கு நடந்தது அது இல்லையே.

ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியாரோஸ்தமியின் 'குளோஸ்-அப்' (1990) பார்த்தபோதுதான் இது உறைத்தது. தன்னை இயக்குநர் மக்மல்பஃப் என்று சொல்லி ஒரு குடும்பத்தை நம்பவைத்து மாட்டிக்கொண்ட மனிதரின் உண்மைக் கதை. அவராகவே அவர் நடித்திருக்கிறார், ஏமாந்த குடும்பமும் அப்படியே. கடைசியில் சிறையிலிருந்து வெளியே வருகிறார். எதிரில் நிஜ மக்மல்பஃப். அழுதுவிடுகிறார். இருவரும் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள், பேசிக்கொண்டே. அந்த நேரம் பார்த்து ஒலி விட்டுவிட்டு அறுகிறது. மைக் கோளாறு என்று படக்குழுவே பேசிக்கொள்வது கேட்கிறது. (நான் பிரதிதான் மோசம் என்று வால்யூமைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.) அந்தக் கோளாறு பிற்பாடு கியாரோஸ்தமி வேண்டுமென்றே செய்தது! சுத்தப் பொய். ஆனால் அந்த இரண்டு பேரின் பேச்சு நமக்கு உரியதல்ல என்பதை அதைவிட நேர்மையாக எப்படிச் சொல்வது? எனக்கு டாக்டரின் குரல் அறுந்ததும் இப்படித்தான்.

சத்யஜித் ராயின் 'அபராஜிதோ'வில் (1956) வரும் காசி வீட்டையும் பாருங்கள். ஸ்டுடியோவில் போட்ட செட். முற்றத்து வீட்டில் வெளிச்சம் மேலே வானத்திலிருந்து இறங்கும், நிழல் கூர்மையாக விழாது. ஸ்டுடியோ விளக்கை நேராக அடித்தால் ஆளுக்கு நாலு நிழல். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா என்ன செய்தார்? செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து விளக்கை அதன்மேல் அடித்து, திரும்பி விழுந்த வெளிச்சத்தில் எடுத்தார். துணிதான் வானம். செட் என்று தெரிந்த பிறகும் எனக்கு அது வீடாகத்தான் இருக்கிறது.

கையில் பிடித்து எடுப்பதே தப்பு என்று சொல்லவில்லை. 2000-ல் பிரெஞ்சு இயக்குநர் ஆனியஸ் வார்தா, அறுவடைக்குப் பின் வயலில் கிடப்பதைப் பொறுக்குகிறவர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். எழுபதைத் தாண்டிய வயது. சின்ன டிஜிட்டல் கேமராவை ஒரு கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையின் சுருக்கங்களைப் படம் பிடிக்கிறார். அங்கே ஆட்டம் அவருடையது, அந்தக் கையினுடையது. பட்ஜெட் இல்லாததை அழகியலாக்கிக் காட்டுகிறவர்களின் ஆட்டம் வேறு.

அந்த நீல வட்டத்தை எடுக்கச் சொன்னால் நான் ட்ரைபாடில்தான் வைப்பேன். டாக்டரின் முகம் ஃபிரேமுக்கு வெளியே. அவர் பேச ஆரம்பிப்பார், மூன்றாவது சொல்லில் ஒலியை நிறுத்திவிடுவேன். மை மட்டும் பரவிக்கொண்டிருக்கும்.