சிபிடி முகப்பூச்சு விற்க உரிமம் தேவையில்லையா? – உண்மை விளக்கம்

“சிபிடி கலந்த முகப்பூச்சு வெறும் மூலிகைதான்; உரிமமின்றி வீட்டிலேயே தயாரித்து விற்கலாம், வெண்புள்ளியும் குணமாகும்” என்று ராயபுரம், தண்டையார்பேட்டை மகளிர் குழுக்களின் வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. சிபிடி என்பது கஞ்சாச் செடியில் உள்ள ஒரு வேதிப்பொருள்.

அழகுசாதனப் பொருளை விற்பனைக்குத் தயாரிக்க, 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின்படியும் 2020ஆம் ஆண்டின் விதிகளின்படியும் மாநில உரிம அதிகாரியிடம் உரிமம் பெற்றே ஆக வேண்டும். சிபிடி தனியே போதை தருவதில்லை என்பது உண்மையே. ஆயினும் அது பெரும்பாலும் எடுக்கப்படும் கஞ்சாப் பூவும் பிசினும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை என்பதால், அவற்றை அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். கஞ்சா விதை எண்ணெய் வேறு. அதில் சிபிடி ஏறக்குறைய இல்லை. சட்டங்களின் முழு வாசகத்தை இந்தியா கோட் அரசுத் தளத்தில் படித்துச் சரிபார்க்கலாம். வெண்புள்ளிக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் தோல் பிரிவை அணுகுங்கள். சேமிப்பை நம்பி வாழும் பெண்கள் முதலை இழக்கக் கூடாது என்பதால் கேட்கிறோம்: இச்செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.