எல்லா முதுகு நோவும் வாய்வு இல்லை, அண்ணை

"தோள்பட்டை எலும்புக்குக் கிட்ட வாற நோ எல்லாம் வாய்வுதான், உள்ளிப்பால் குடிச்சிட்டு ஒரு மாதம் படுங்கோ" எண்டு மேலே ஒரு அண்ணை எழுதியிருக்கிறார். உள்ளிப்பாலைக் குடிக்கட்டும், படுக்கிறதுதான் பிழை. அனேகமா இது தசையிலயோ கழுத்து மூட்டிலயோ இருந்து வாறது. அசையாமல் கிடந்தால் இன்னும் இறுகும். எனக்கு ஏழு வருசமா இடப்பக்கம் நோ. கிளிநொச்சியில தையல் மெசினுக்கு முன்னால இருக்கிறன். அரை மணிக்கொருக்கா எழும்பி, கதவு நிலையில ரெண்டு கையையும் ஊண்டி நெஞ்சை முன்னுக்குத் தள்ளுவன். நோ போகேல்லை, ஆனா நித்திரை வருது.

சாப்பிட்ட பிறகு வலப்பக்கம் குத்தினால் பித்தப்பைக் கல்லாயும் இருக்கலாம். நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரி, உள்ளி இல்லை. 2009 போரில செல் (எறிகணை) துண்டு உடம்பில தங்கின ஆக்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்க முதல் அதைக் கட்டாயம் சொல்லுங்கோ. அந்த மெசின் பெரிய காந்தம்.