சந்தா கட்டும் முன் சர்ச் கன்சோலைப் பாருங்கள்

மக்கள் கூகுளில் எந்த வார்த்தைகளைத் தேடுகிறார்கள் என்று காட்டும் கீவேர்ட் டூலைக் காசு கட்டி வாங்காமல் வலைப்பூ வளராது என்று ஒரு கட்டுரையில் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் தமிழில் சமையல் குறிப்பு எழுதுகிறேன், போன வருடம் மூன்று மாதம் சந்தா கட்டிப் பார்த்தேன், ‘வத்தக்குழம்பு செய்வது எப்படி’ என்று போட்டால் தேடல் அளவு (மாதத்துக்கு எத்தனை முறை தேடப்படுகிறது என்பது) பூஜ்யம் என்று காட்டியது, ஆனால் அதே தேடலில் என் தளத்துக்கு ஆட்கள் வந்துகொண்டிருப்பது தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் இலவசமாகவே தெரிந்தது. அப்புறம் எதற்குச் சந்தா? கூகுள் விளம்பரக் கணக்கில் இருக்கும் கீவேர்ட் பிளானர் என்ற டூலும் சும்மா கிடைப்பதுதான், என்ன, விளம்பரத்துக்குச் செலவழிக்காதவர்களுக்குத் தேடல் அளவை 100 முதல் 1,000 வரை, 1,000 முதல் 10,000 வரை என்று குத்துமதிப்பாகத்தான் சொல்லும். சரி, போட்டித் தளம் எந்த வார்த்தையைத் தேடினால் முன்னால் வருகிறது என்று இலவச டூலில் தோண்டுவது பெரும்பாடு, வாடிக்கையாளருக்காக ஆங்கிலத் தளத்தைக் கவனித்துக்கொள்பவர்கள் அதற்காக வாங்கலாம்.