பெட்ரி லா மாசியாவில் வளர்ந்தவரா?

"பெட்ரி லா மாசியா அகாடமியின் தயாரிப்பு, பார்சிலோனாவுக்குச் செலவே இல்லாமல் கிடைத்தவர்" என்று ஸ்பெயின் கால்பந்து வீரர் பெட்ரியைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. லா மாசியா என்பது பார்சிலோனா கிளப்பின் இளையோர் பயிற்சி மையம். படம் சொல்வது தவறு.

ஸ்பெயினின் கேனரி தீவுகளில் ஒன்றான தெனெரிஃபில், தெகெஸ்தே என்ற சிற்றூரில் 2002 நவம்பரில் பிறந்தவர் பெட்ரி. பதினைந்து வயதில் ரியல் மாட்ரிட் தேர்வுக்குப் போனார். அங்கே பனி கொட்டி பயிற்சியே தடைபட்டது. கடைசியில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அவரை அரவணைத்தது கேனரி தீவுகளின் லாஸ் பால்மாஸ் கிளப். 2019 ஆகஸ்டில், 16 வயதில், ஸ்பெயினின் இரண்டாம் டிவிஷனில் அந்த அணிக்காக அறிமுகமானார். அடுத்த மாதமே பார்சிலோனா சுமார் 50 லட்சம் யூரோவுக்கு ஒப்பந்தம் போட்டது. ஆனால் அந்த சீசன் முழுக்க அவர் லாஸ் பால்மாஸுக்கே ஆடினார். பார்சிலோனா சட்டை போட்டது 2020-ல்தான்.

குழப்பத்துக்குக் காரணம் புரிகிறது. லா மாசியாவில் வளர்ந்த காவி, இனியெஸ்டா போலப் பந்தைக் காலோடு ஒட்டவைத்துத் திரும்புகிறார். அப்புறம், அவர் தாத்தா ஊரில் பார்சிலோனா ரசிகர் மன்றமே தொடங்கியவர். சரி, பாசம் பார்சிலோனா மீதுதான். ஆனால் 2021-ல் இளம் வீரர்களுக்கான கோல்டன் பாய், கோபா விருது இரண்டையும் வென்ற பையனை முதலில் நம்பிக் களமிறக்கியது லாஸ் பால்மாஸ். அந்தப் பெருமையை அவர்களிடமிருந்து பறிக்காதீர்கள்.