சந்திரனைச் சபித்தவர் சிவபெருமான் அல்லர்

கடக ராசியின் அதிபதியான சந்திரன் சிவபெருமானின் சாபத்தால் தேய்கிறான் என்றும், ஆகவே அந்த ராசியினர் பூரணை நாளில் திருகோணமலையிலுள்ள கோணேசர் கோயிலுக்குச் செல்லக் கூடாது என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். புராணம் கூறுவது இதற்கு நேர்மாறானது.

தக்கன் தன் மகளிர் 27 பேரையும் சந்திரனுக்கு மணம் முடித்துக் கொடுத்தான். அவர்களுள் உரோகிணியிடம் மட்டும் அவன் மிகுந்த அன்பு காட்டியதால் ஏனையோர் தந்தையிடம் முறையிட, சினங்கொண்ட தக்கனே அவன் தேய்ந்து அழியுமாறு சபித்தான். ஒளி குன்றி அடைக்கலம் புகுந்த சந்திரனைப் பிறையாகத் தம் சடையில் ஏற்று, மீண்டும் வளர அருளியவரே சிவபெருமான். சாபத்தை முற்றாக நீக்கிவிடாமல், தேய்வும் வளர்வும் மாறிமாறி நிகழுமாறு வைத்ததுதான் இக்கதையின் நயம் என்பேன். அவன் வழிபட்டு நலம் பெற்ற தலமாகக் குசராத்திலுள்ள சோமநாதத்தைக் குறிப்பிடுவர்.

பிள்ளையாரைப் பார்த்து நகைத்ததால் வந்த சாபம் வேறு. ஆவணி வளர்பிறைச் சதுர்த்தியில் சந்திரனைக் காண்பவர் வீண்பழிக்கு ஆளாவர் என்பது அது. இரண்டு கதைகளும் கலந்துவிட்டன போலும்.

சோதிடத்தில் கடகம் சந்திரனின் ஆட்சி வீடு, அதாவது அவனுக்கே உரிய ராசி. அவன் உச்சம், அதாவது மிகுந்த வலிமை, பெறுவதோ உரோகிணி நட்சத்திரம் அமைந்த ரிஷபத்தில். போயா எனப்படும் பூரணை விடுமுறையில், கோயிலுக்குச் செல்லும் வழியிலுள்ள பிரட்றிக் கோட்டை வழியாகக் கோணேசரை வணங்கச் செல்லும் கடக ராசியினர் அஞ்சித் திரும்பக் காரணம் எதுவுமில்லை. சந்திரனுக்குரிய திங்கட்கிழமையையே சைவர்கள் சிவபெருமானுக்குரிய சோமவார விரத நாளாகக் கொள்கின்றனர்.