மறுநாள் எடுக்கும் மலேரியா சோதனை குறித்து ஒரு திருத்தம்

கம்பம், கூடலூரிலிருந்து குமுளி வழியாக வெளியூர் வேலைக்குப் போய்வருவோர் பலர் படிக்கும் இந்த இழையில், கொசு கடித்த மறுநாள் ரத்தத்தில் கிருமி தென்படாவிட்டால் மலேரியா தொற்றவில்லை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அக்கறையோடு சொன்னதுதான், ஆயினும் அது சரியன்று.

கொசு செலுத்தும் ஒட்டுண்ணிகள் சில மணி நேரத்திற்குள் கல்லீரலை அடைந்து அதன் செல்களுக்குள் புகுந்துவிடுகின்றன. இந்தியாவில் பரவலாக உள்ள இரு வகைகளும் ஏறத்தாழ ஒரு வாரம் அங்கேயே பெருகி, ஒரே செல்லிலிருந்து ஆயிரக்கணக்கில் வெளிப்பட்ட பிறகே ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகின்றன. அதுவரை காய்ச்சலும் இராது, விரல் நுனி ரத்தத்திலும் எதுவும் தெரியாது. ஆய்வாளர்களுக்கே இந்த மறைவிடம் 1948-இல்தான், ஷார்ட்டும் கார்ன்ஹாமும் குரங்கின் கல்லீரலை ஆராய்ந்தபோது, புலப்பட்டது.

கடித்த 10 முதல் 15 நாள்களில்தான் பெரும்பாலும் அறிகுறிகள் தொடங்கும் என்பதை உலக சுகாதார அமைப்பின் மலேரியா பக்கத்தில் யாரும் பார்க்கலாம். ஆரம்ப சுகாதார நிலைய ஆய்வகத்தில் கேட்டால், சாயமேற்றிய கண்ணாடித் தகட்டில் சிவப்பணுவுக்குள் கல் பதித்த மோதிரம் போலத் தெரியும் ஒட்டுண்ணியைக் காட்டி விளக்குவார்கள். ரத்தத்தில் அதன் தொடக்க வடிவம் அதுவே. ஆகவே, திரும்பி வந்த சில வாரங்களில் காய்ச்சல் கண்டால், பழைய சீட்டை நம்பியிராமல் அன்றே மீண்டும் சோதித்துக்கொள்ளுங்கள்.