நின்றுபோன கிரிபனும் ஒரு பழைய கிரெசிடாவும்

போன வாரம் ஒரு அங்கிள் தன் பழைய டொயோட்டா கிரெசிடாவை லாரியில் ஏற்றிக்கொண்டு என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். 2 வருடமாக வீட்டு கராஜில் நின்ற வண்டி. "ஓட்டவே இல்லையே தம்பி, எப்படிக் கெடும்?" என்றார். பானெட்டைத் திறந்தேன். ரேடியேட்டர் ஹோஸை விரலால் அழுத்தியதும் அப்பளம் மாதிரி நொறுங்கியது. பிரேக் சிலிண்டர் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. வயரை எலி கடித்திருந்தது. ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிதான் சீக்கிரம் சாகும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் 15 வருடம் ஸ்பேனர் பிடித்தவன் சொல்கிறேன்.

அன்று ரேடியோவில் நம் தென்னாப்பிரிக்க விமானப்படை பற்றிய பேச்சு. போர்விமானங்களுக்கு வயதாகிறது, நவீனப்படுத்த வேண்டும் என்றார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. 1999 ஆயுத பேரத்தின் கீழ் ஸ்வீடனிடம் வாங்கிய 26 கிரிபன் போர்விமானங்களும் 2008 முதல் 2012-க்குள் வந்து சேர்ந்தன. மறு வருடமே 12 விமானங்களை நீண்டகாலத்துக்கு ஓரங்கட்டிவிட்டதாக அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். பறக்கவிடப் பணமில்லை. அப்புறம் 2021 செப்டம்பரில் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்துபோக, மொத்தக் கிரிபன் கூட்டமும் ஏறக்குறைய ஒரு வருடம் தரையிலேயே நின்றது. அந்த ஆயுத பேரத்தின் ஊழல் விசாரணைக்குச் செலவழித்த வருடங்களை எண்ணினால் அது தனிக்கதை.

இதில் எந்த விமானத்துக்கு வயதாகியது? ஹங்கேரியிடம் இருந்தவை 14 கிரிபன்தான். அவர்கள் அதைப் பறக்க வைத்துக்கொண்டே தரம் உயர்த்தும் வேலையில் இறங்கினார்கள், 2024-ல் இன்னும் 4 கேட்டு ஒப்பந்தமும் போட்டார்கள். நம்மிடம் 26. புது ரேடார், புது ஏவுகணை எல்லாம் நல்லதுதான். ஆனால் ஓடாத வண்டிக்குப் புது ஸ்டீரியோ மாட்ட என்னிடம் வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். சீல் காய்ந்துபோவது ஒரு பக்கம். பறக்காத விமானிக்குக் கை மறந்துபோகும், வேலையில்லாத டெக்னீஷியன் வெளிநாட்டுக்குப் போய்விடுவான். ஹோஸை நான் ஒரே நாளில் மாற்றிவிடலாம், அந்த ஆளை எங்கே வாங்குவது?

பழையதைப் புதுப்பிக்க இந்த நாட்டுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 1977-ல் அன்றைய நிறவெறி அரசு மீது ஐ.நா. ஆயுதத் தடை போட்ட பிறகு, பழைய பிரெஞ்சு மிராஜ் போர்விமானத்தின் உடலை எடுத்து, ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் கெம்ப்டன் பார்க்கில் சீட்டா என்று மறுபடி கட்டினார்கள். 2008 வரை அது பறந்தது. நான் இதைப் பெருமையாகச் சொன்னதும் அங்கிள் முகம் மாறியது. "அந்த விமானம் கட்டின அரசாங்கம்தான் எங்களை, நாங்கள் குடியிருந்த மேகஸின் பாராக்ஸிலிருந்து லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கியது" என்றார். நான் கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்னது சரிதான். அந்தக் கைத்திறனுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்தே பேசவேண்டும்.

போர்விமானமே வேண்டாம் என்பது அங்கிள் கட்சி. நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். ஆனால் வரிசை என்று ஒன்று உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இங்கே 400-க்கும் மேல் பேர் செத்தார்கள். மேலே வந்து ஆட்களைத் தூக்கியவை ஹெலிகாப்டர்கள், கிரிபன் இல்லை. சரக்கு விமானமான ஹெர்குலிஸ் 1963-ல் வந்தது, என்னைவிட மூத்தது. ஓரிக்ஸ் ஹெலிகாப்டருக்கும் ஹெர்குலிஸுக்கும் முதலில் உதிரிபாகம். அடுத்து, கிரிபனில் எத்தனையைத் தொடர்ந்து பறக்கவைக்க முடியுமோ அத்தனைக்கு மட்டும் பல வருட ஒப்பந்தம், பறக்கும் மணிநேரத்துக்குப் பணம். மேம்படுத்தல் எல்லாம் அதற்கப்புறம்.

கிரெசிடா நேற்று ஸ்டார்ட் ஆனது. ஞாயிறு தோறும் மார்க்கெட் வரையாவது ஓட்டுங்கள் என்றேன். சரி சரி என்று தலையாட்டிய அங்கிள், கண்ணாடியில் ஒட்டியிருந்த லைசென்ஸ் டிஸ்க்கை, அதாவது வண்டியின் வருட உரிமச் சீட்டை, குனிந்து பார்த்தார். அது காலாவதியாகி ஒன்றரை வருடம்.